பிச்சாவரம் சேற்றில் மீத்தேன் ஆர்க்கியா: ஒரு பை சேறும் ஒரு 16எஸ் பட்டியலும் ஏன் போதாது

கேள்வி இதுதான்: முதுகலை நுண்ணுயிரியல் மாணவர் ஒருவர் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு கிளையைச் சேர்ந்த ஒற்றைச்செல் உயிர்கள்) எவை என்று பார்க்க நினைக்கிறார். மூன்று இடங்களில் சேற்றைப் பையில் அள்ளி, டிஎன்ஏ பிரித்து, 16எஸ் (எந்த நுண்ணுயிர் என்று இனம் காட்டும் ரைபோசோம் ஆர்என்ஏ) மரபணு வரிசை எடுக்க அனுப்பினால் ஆய்வேடு தேறுமா?

பட்டியல் கிடைக்கும், ஆய்வேடு தேறாது. மேல் 2 செ.மீ. சேறும் 30 செ.மீ. ஆழச் சேறும் ஒரே பையில் கலந்த அந்த நொடியிலேயே கேள்விக்கான விடை அழிந்துவிடுகிறது. எந்த ஆர்க்கியா எங்கே, எதைத் தின்று வாழ்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஆழத்தோடு மாறும் வேதியியல். ஆகவே டிஎன்ஏ எடுக்கும் அதே சென்டிமீட்டரிலிருந்து மீத்தேன், சல்பேட், குளோரைடு, சல்ஃபைடு ஆகிய நான்கையும் அளந்திருக்க வேண்டும். வரிசை எடுக்கும் வேலையை இன்று பணம் கட்டினால் வெளியார் செய்து தருவார்கள். சேற்றை வெளியே எடுத்த முதல் அரை மணி நேரத்தை யாரும் செய்து தர மாட்டார்கள்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று பார்ப்போம். 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கிகள் பாக்டீரியாவோடு சேராத தனிக் கிளை என்று காட்டினார்கள். ஆய்வகத்தில் இதன் விளைவுகள் மிக நேரடியானவை. ஆர்க்கியாவின் செல்சுவரில் பாக்டீரியாவுக்குரிய பெப்டிடோகிளைக்கன் இல்லை. அதனால் ஆம்பிசிலின், வான்கோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் அவற்றைத் தொடாது. வளர்ப்பில் பாக்டீரியாவை அடக்க இவை உதவும். அதே காரணத்தால் டிஎன்ஏ பிரிக்கும்போது பெப்டிடோகிளைக்கனை உடைக்கும் லைசோசைம் நொதியை மட்டும் நம்பினால் மீத்தனோபாக்டீரியம் வகைகள் உடையாமல் வண்டலிலேயே தங்கிவிடும். அவற்றின் சுவர் போலி மியூரின் என்ற வேறு பொருளால் ஆனது.

மீத்தேன் உண்டாகும் வழிகள் மூன்று. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்ப்பது ஒன்று. அசிடேட்டை உடைப்பது இன்னொன்று. இதைச் செய்வது மீத்தனோத்ரிக்ஸும் மீத்தனோசார்சினாவும் மட்டுமே. மெத்தனால், ட்ரைமெத்தில் அமின் போன்ற மெத்தில் சேர்மங்களிலிருந்து எடுப்பது மூன்றாவது. நன்னீர் நெல்வயலில் முதல் இரண்டுமே முக்கியம். கடல்நீர் ஏறும் சேற்றில் கதை வேறு. கடல்நீரில் ஏறக்குறைய 28 மில்லிமோலார் சல்பேட் இருக்கிறது. சல்பேட் குறைக்கும் பாக்டீரியா ஹைட்ரஜனையும் அசிடேட்டையும் மீத்தேன் உண்டாக்கிகளால் எட்ட முடியாத அளவுக்குக் கீழே இழுத்துவிடும். ஆனால் ட்ரைமெத்தில் அமினுக்கு அவை பெரிதாகப் போட்டியிடுவதில்லை. அதனால் சல்பேட் நிறைந்த மேல்சேற்றிலும் மீத்தேன் உண்டாகிறது.

பிச்சாவரத்துக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அங்கே மிகுந்திருக்கும் வெண்கண்டல் மரம் உப்பைத் தாங்குவதற்காகத் தன் திசுக்களில் கிளைசின் பீட்டெயின் சேர்த்து வைக்கிறது. உதிர்ந்த இலையும் இறந்த வேரும் அழுகும்போது பாக்டீரியா அதை ட்ரைமெத்தில் அமினாக மாற்றும். மீத்தனோகாக்காய்டிஸ், மீத்தனோலோபஸ் போன்றவை அதை எடுத்துக்கொள்ளும். மீத்தனோகாக்காய்டிஸ் அசிடேட்டிலோ ஹைட்ரஜனிலோ வளராது, மெத்தில் சேர்மம் மட்டுமே அதன் உணவு. எனவே “மீத்தேன் ஆர்க்கியா எவை” என்பதைவிட “எந்த ஆழத்தில், எந்த உணவிலிருந்து மீத்தேன் வருகிறது” என்பதுதான் இந்தச் சேற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இனி கோர், அதாவது அடுக்குகள் கலையாமல் குழாயில் எடுக்கும் சேற்றுத் தூண், எடுப்பது. உள்விட்டம் 6 அல்லது 7 செ.மீ., நீளம் 60 செ.மீ. உள்ள தெளிந்த அக்ரிலிக் குழாய் போதும். கீழ் விளிம்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து அரம் போட்டுக் கூராக்குங்கள். குழாயின் பக்கத்தில் 2 செ.மீ.க்கு ஒன்றாகச் சிரிஞ்சு நுழையும் அளவுக்குத் துளையிட்டு மின்காப்பு நாடாவால் மூடிவிடுங்கள். துளைகளை நேர்கோட்டில் போட்டால் குழாய் விரிசல் விடும், சுழல் வரிசையில் போடுங்கள். நீர் வற்றும் நேரத்தில் போங்கள். குழாயை நேராக, மெதுவாக அழுத்துங்கள். அடித்து இறக்கினால் சேறு நசுங்கும். இறக்கியதும், மேலே மூடுவதற்கு முன், குழாய்க்கு உள்ளே சேறு இருக்கும் மட்டத்தையும் வெளியே உள்ள மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். 50 செ.மீ. இறக்கியதில் உள்மட்டம் 5 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தக் கோரை விட்டுவிட்டு ஒரு மீட்டர் தள்ளி இன்னொன்று எடுங்கள். நசுங்கிய கோரில் நீங்கள் 20 செ.மீ. என்று எழுதுவது உண்மையில் 23 ஆக இருக்கலாம். பிறகு மேல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, உறிஞ்சு விசையில் சேறு நிற்க, மெல்ல இழுத்து, அடிவாய் நீருக்கு வெளியே வருமுன் கையை விட்டுக் கீழ் அடைப்பானைப் போடுங்கள். கோர் கடைசிவரை நின்றபடியே இருக்க வேண்டும். படகில் படுக்க வைத்தால் மேல்சேறும் கீழ்சேறும் கலந்துவிடும்.

இடத் தேர்வில் இரண்டு தொல்லைகள். நண்டு வளை வழியாக ஓதநீரும் ஆக்சிஜனும் 20 செ.மீ.க்கும் கீழே போகும். வெண்கண்டலின் மூச்சுவேர்களும் தம்மைச் சுற்றிய சேற்றில் ஆக்சிஜனைக் கசிய விடும். கோரைத் திறக்கும்போது கறுப்புச் சேற்றின் நடுவே துருநிற வளையம் தெரிந்தால் காரணம் இவற்றில் ஒன்றுதான். அதைத் தவிர்க்கலாம், அல்லது வேண்டுமென்றே தனியாக எடுக்கலாம். கவனிக்காமல் கலப்பதுதான் தவறு. ஒவ்வோர் இடத்திலும் சில மீட்டர் இடைவெளியில் மூன்று கோர்கள் வேண்டும். ஒரே கோரிலிருந்து மூன்று துணுக்கு எடுத்து அவற்றை மூன்று மறுமாதிரி என்று எண்ணுவது நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை. அது கருவியின் துல்லியத்தைச் சொல்லும், காட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓடைக்கரை, மரங்களுக்கு நடு, வெறும் சேற்றுத்தரை என்று மூன்று இடம், இடத்துக்கு மூன்று கோர், கோருக்கு ஐந்து ஆழம் என்றால் 45 மாதிரி. பணம் குறைவு என்றால் இடங்களைக் குறையுங்கள், கோர்களைக் குறைக்காதீர்கள்.

மாதிரி எடுக்கும் வரிசை மாறக் கூடாது: மீத்தேன், துளைநீர் (சேற்றுத் துகள்களுக்கு இடையே நிற்கும் நீர்), டிஎன்ஏ, கடைசியாக மற்றவை. வளிமம் காத்திருக்காது என்பதே காரணம். 5 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சின் மூக்குப் பகுதியைச் சமமாக அறுத்துவிட்டால் அது குட்டிக் கோராகிவிடும். நாடாவைக் கிழித்து, துளை வழியாக 3 மி.லி. சேற்றை எடுத்து, முன்பே 5 மி.லி. ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி வைத்த 20 மி.லி. கண்ணாடிக் குப்பியில் தள்ளி, தடித்த பியூட்டைல் ரப்பர் அடைப்பானும் அலுமினிய மூடியும் போட்டு நசுக்கி அடையுங்கள். ஒவ்வோர் ஆழத்துக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. காரம் நுண்ணுயிர்களைக் கொல்லும், கார்பன் டை ஆக்சைடையும் கரைசலில் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, குப்பியைத் தலைகீழாக வையுங்கள். அப்போது அடைப்பானைத் தொடுவது நீராக இருக்கும், கசிந்தாலும் வளிமம் முதலில் போகாது. சிலிகோன் அடைப்பான் வேண்டாம். மீத்தேனும் ஆக்சிஜனும் அதன் வழியே ஊடுருவும்.

கணக்கு எளிது. சுடர் அயனியாக்க உணரி உள்ள வளிம நிறப்பிரிகைக் கருவியில் மேல்வளிமம் 1,000 பிபிஎம் காட்டுகிறது என்று வையுங்கள். குப்பி சரியாக 20 மி.லி. என்றால் சேறும் கரைசலும் போக மிஞ்சும் மேல்வெளி 12 மி.லி. அதில் மீத்தேன் 0.012 மி.லி. 25 பாகையில் ஒரு மோல் வளிமம் 24.45 லிட்டர், ஆகவே 0.49 மைக்ரோமோல். சேற்றின் துளைப்பங்கு (கன அளவில் துளைநீரின் பங்கு) 0.7 என்றால் 3 மி.லி. சேற்றில் 2.1 மி.லி. துளைநீர். விடை ஏறக்குறைய 234 மைக்ரோமோலார். கரைசலிலேயே தங்கிவிடும் மீத்தேன் இரண்டு சதவீதம் அளவுதான், திருத்தினால் நல்லது. பெரிய பிழை வேறு இடத்தில் வரும்: 20 மி.லி. என்று விற்கும் குப்பியின் உண்மைக் கொள்ளளவு பலவற்றில் 22 மி.லி.க்கு அருகே இருக்கும். காலிக் குப்பியை அடைப்பானோடு எடைபோட்டு, நீர் நிரப்பி மறுபடி எடைபோட்டுப் பாருங்கள். துளைப்பங்கையும் ஒவ்வோர் ஆழத்துக்கும் அளக்க வேண்டும், கோர் முழுவதற்கும் 0.7 என்று போட்டுவிடக் கூடாது.

துளைநீருக்கு 0.15 மைக்ரான் துளையுள்ள ரைசான் என்ற வடிகட்டிக் குச்சிகள் வசதி. பக்கத்துளை வழியாகச் செருகி, சிரிஞ்சை இழுத்து மரத்துண்டால் நிறுத்தி வைத்தால் தானாகவே வடிந்து வரும். முதல் அரை மி.லி.யைக் கொட்டிவிடுங்கள், அதில் குச்சிக்குள் இருந்த காற்று பட்டிருக்கும். அடுத்து வருவதில் 1 மி.லி. எடுத்து, 20 சதவீத துத்தநாக அசிடேட் கரைசல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும் குழாயில் உடனே விடுங்கள். சல்ஃபைடு வெண்மையான துத்தநாக சல்ஃபைடாகப் படிந்துவிடும். இதைச் செய்யாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோனால் வழியில் காற்று பட்டு சல்ஃபைடு ஆக்சிகரணம் அடையும், ஒரு பகுதி சல்பேட்டாகவே மாறும். ஆய்வகத்தில் சல்பேட் அதிகமாகக் காட்டும். நீங்களும் “இந்த ஆழத்திலும் சல்பேட் இருக்கிறது” என்று எழுதிவிடுவீர்கள். படிவைக் குலுக்கி மெத்திலீன் நீல முறையில் சல்ஃபைடு அளக்கலாம். தெளிந்த மேல்நீரை அயனி நிறப்பிரிகையில் கொடுத்தால் சல்பேட்டும் குளோரைடும் ஒன்றாக வரும். 50 மைக்ரோலிட்டர் சேர்த்ததால் வந்த நீர்ப்பை 1.05ஆல் பெருக்கித் திருத்துங்கள்.

குளோரைடை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும் இடம் இது. மழைக்குப் பின் சேற்றில் 12 மில்லிமோலார் சல்பேட் கண்டால் பாதிக்கு மேல் நுண்ணுயிர் தின்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் உப்புத்தன்மை 35இலிருந்து 15ஆகக் குறைந்தாலே 28 என்பது 12 ஆகிவிடும், எந்த நுண்ணுயிரும் ஒன்றும் செய்யாமலே. கடல்நீரில் சல்பேட்டுக்கும் குளோரைடுக்கும் உள்ள மோல் விகிதம் 0.052. அளந்த குளோரைடை அதனால் பெருக்கி, அளந்த சல்பேட்டைக் கழித்தால் வருவதுதான் உண்மையில் தின்னப்பட்ட சல்பேட். இந்த ஒரு கழித்தல் இல்லாமல் பருவங்களை ஒப்பிடும் ஆய்வை நம்புவது கடினம்.

டிஎன்ஏவுக்கு: கோரைக் கீழிருந்து தள்ளி, துண்டாக அறுத்து, குழாய்ச் சுவரைத் தொட்ட வெளிப்புற 5 மி.மீ.ஐச் சீவி எறியுங்கள். குழாய் இறங்கும்போது மேல்சேற்றைச் சுவரோரமாகக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கும். நடுப்பகுதியிலிருந்து 2 கிராம் (கி.) அளவில் இரண்டு மூன்று சிறு குழாய்களில் போட்டுத் திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ வையுங்கள். அவை இல்லாவிட்டால் அறைவெப்பத்தில் காக்கும் டிஎன்ஏ கரைசலில் கலக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் மைனஸ் 80 பாகை உறைபெட்டிக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதி ஆகாது. பனி படியாத வகைகள் அவ்வப்போது தாமே சற்றுச் சூடாகிக் கொள்ளும், ஒவ்வொரு முறையும் சில செல்கள் உடையும். வெயிலில் உலர்த்திப் பொடித்துச் சலிக்கும் பழைய மண்பரிசோதனை வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சேற்றில் முக்கால் பங்கு நீராக இருக்கலாம். 0.25 கி. சேற்றை அப்படியே மண் டிஎன்ஏ கிட்டில் போட்டால் நீங்கள் போட்டது பெரும்பாலும் உப்புநீர், அது உடைக்கும் கரைசலையும் நீர்க்க வைக்கும். 10,000 ஜி-யில் (புவியீர்ப்பின் 10,000 மடங்கு விசையில்) ஒரு நிமிடம் சுழற்றி மேல்நீரை வடித்துவிட்டு, அதன் பிறகு 0.25 கி. எடையிடுங்கள். மணிகளோடு குலுக்கி உடைக்கும் படி கட்டாயம்: கருவியில் 30 நொடி, நடுவே ஒரு நிமிடம் ஐஸ், மறுபடி 30 நொடி. நீண்ட துண்டு வரிசை எடுக்கும் எண்ணம் இருந்தால் இதைக் குறைக்க வேண்டும், ஆனால் கெட்டிச் சுவர் உள்ளவற்றை இழப்பீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஒவ்வொரு தொகுதியிலும் சேறே போடாத ஒரு வெற்றுக் குழாயை முதலிலிருந்து கடைசிவரை கூடவே ஓட்டுங்கள். கிட்டுகளிலேயே பாக்டீரிய டிஎன்ஏ இருக்கும். ஆழச் சேற்றில் செல்கள் குறையக் குறைய அந்த அசுத்தம் பட்டியலில் மேலே ஏறும்.

பிரித்த டிஎன்ஏ இளம்பழுப்பாக இருந்தால், மக்கிய தாவரப் பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் கூட வந்திருக்கிறது. அது டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையை அடக்கும். இதைச் சோதிக்க ஒரு நேர்வழி உண்டு: அளவறி பிசிஆரில் நீர்க்காததையும் 10 மடங்கு நீர்த்ததையும் ஓட்டுங்கள். அடக்கம் இல்லையென்றால் இரண்டுக்கும் ஏறக்குறைய 3.3 சுற்று வித்தியாசம் வர வேண்டும். ஒரு சுற்றுதான் வருகிறது என்றால் நீர்க்காத மாதிரி அடக்கப்பட்டிருக்கிறது. நீர்த்ததையே பயன்படுத்துங்கள், அல்லது மாட்டு சீரம் ஆல்புமின் சேருங்கள். இதைச் செய்யாதவர்கள், மேல்சேற்றில் மரபணு எண்ணிக்கை குறைவு என்று எழுதுவது உண்டு. குறைந்தது மரபணுவாக இருக்காது. மேல்சேற்றில் ஹியூமிக் அமிலம் கூடுதல், அவ்வளவே.

பிரைமர் (பிசிஆரில் எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தேர்வு: 16எஸ்ஸுக்குப் பலரும் எடுக்கும் 515–806 இணையின் பழைய வடிவம் அமோனியாவை ஆக்சிகரணிக்கும் ஆர்க்கியாவைச் சரியாகப் பிடிக்கவில்லை. 2015, 2016இல் திருத்திய வடிவங்கள் வந்தன. வரிசை எடுத்துத் தரும் நிறுவனத்திடம் எந்த வடிவம் என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணிக்கையிலும் ஒரு சாய்வு உண்டு. ஆர்க்கியாவில் 16எஸ் மரபணு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு படி. பாக்டீரியாவில் சராசரி நான்கைந்து, சிலவற்றில் பத்துக்கும் மேல். ஆகவே 16எஸ் விகிதம் ஆர்க்கியாவை எப்போதும் குறைத்தே காட்டும். மாதிரிக்கு 50,000 வரிசை வாங்கி, அதில் ஆர்க்கியா 5 சதவீதம் என்றால் கையில் இருப்பது 2,500தான். அதற்குள் மீத்தேன் உண்டாக்கிகள் சில நூறு. அதனால்தான் 16எஸ்ஸோடு எம்சிஆர்ஏ மரபணுவையும் தனியாக எண்ண வேண்டும். மீத்தேன் பிறக்கும் கடைசி வினையைச் செய்யும் நொதியின் மரபணு அது.

ஆனால் எம்சிஆர்ஏ இருந்தால் அங்கே மீத்தேன் உண்டாகிறது என்று எழுதிவிடாதீர்கள். மீத்தேனை ஆக்சிஜன் இல்லாமலே தின்னும் ஆர்க்கியா அதே நொதியைப் பின்னோக்கி ஓட்டுகின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால், கடலடி ஹைட்ரேட் ரிட்ஜ் சேற்றில் இவை சல்பேட் குறைக்கும் பாக்டீரியாவோடு கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். மேலிருந்து சல்பேட்டும் கீழிருந்து மீத்தேனும் சந்திக்கும் ஆழத்தில் இவை குவியும். உங்கள் கோரில் எம்சிஆர்ஏ எண்ணிக்கை 25 செ.மீ.யில் உச்சம் தொடுகிறது, அதே இடத்தில் மீத்தேன் கீழிருந்து மேலே சட்டென்று குறைகிறது என்றால், அந்த மரபணுவின் சொந்தக்காரர்கள் உண்டாக்கிகளாக இல்லாமல் தின்னிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீத்தேன் அளவு கையில் இல்லாதவர் இதே உச்சத்தை நேர்மாறாகப் படிப்பார். முதலிலேயே வேதியியலை வலியுறுத்தியது இதற்காகத்தான். எம்சிஆர்ஏ வரிசைகளையும் படித்தால், உச்சம் மீத்தனோசார்சினா பக்கமா தின்னிகள் பக்கமா என்று கிளைமரத்திலேயே பிரித்துவிடலாம்.

டிஎன்ஏ இருப்பது உயிர் இருப்பதும் ஆகாது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, பல்வகை மண்களில் எடுத்த டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் இறந்த அல்லது செல்லுக்கு வெளியே கிடக்கும் டிஎன்ஏ என்று கணித்தது. ஆக்சிஜன் இல்லாத களிச்சேற்றில் இப்படிப்பட்ட டிஎன்ஏ களித்துகளில் ஒட்டி நெடுங்காலம் நிற்கும்.

யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று அறிய அடைகாப்புச் சோதனை வேண்டும். எல்லா ஆழத்துக்கும் தேவையில்லை, இரண்டு ஆழம் போதும். 120 மி.லி. சீரம் குப்பியில் 20 கி. சேறு, அதே இடத்து நீரை நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜன் போக்கி 20 மி.லி. சேருங்கள். மேல்வெளியில் நைட்ரஜன், பியூட்டைல் அடைப்பான், இருட்டு, சேற்றின் வெப்பநிலை. தொகுதிகள்: எதுவும் சேர்க்காதது, ட்ரைமெத்தில் அமின் 5 மில்லிமோலார், அசிடேட் 10 மில்லிமோலார், மேல்வெளியில் ஹைட்ரஜன்–கார்பன் டை ஆக்சைடு 80:20. ஒவ்வொன்றுக்கும் இணையாக 20 மில்லிமோலார் சோடியம் மாலிப்டேட் சேர்த்தது ஒன்று. அது சல்பேட் குறைப்பவற்றை நிறுத்தும். 20 மில்லிமோலார் புரோமோஎத்தேன் சல்ஃபோனேட் சேர்த்தது இன்னொன்று. அது மீத்தேன் உண்டாக்கிகளை நிறுத்தும். எல்லாவற்றிலும் மும்மூன்று குப்பி.

எதிர்பார்க்க வேண்டியது இது: சல்பேட் உள்ள மேல்சேற்றில் ட்ரைமெத்தில் அமின் குப்பி மட்டும் சில நாளில் மீத்தேனை ஏற்றும், அசிடேட் குப்பி மாலிப்டேட் சேர்த்தால்தான் அசையும். இப்படி வந்தால் உணவுப் போட்டி பற்றி நீங்கள் எழுதுவதற்குச் சான்று கிடைத்துவிட்டது. வராவிட்டாலும் அது ஒரு முடிவுதான், உடனே குப்பிகளைக் கழுவிவிடாதீர்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறுகள் சில. சேற்றில் சிக்கியிருந்த குமிழிகள் குலுக்கலில் வெளியேறி, முதல் நாளே மீத்தேன் உண்டானதுபோல் காட்டும். அதனால் அடைத்த பின் குலுக்கி, மேல்வெளியை ஐந்து நிமிடம் நைட்ரஜனால் துடைத்து, அதன் பிறகே சுழி நேரத்தைத் தொடங்க வேண்டும். உருளையில் வரும் நைட்ரஜனிலும் சிறிது ஆக்சிஜன் உண்டு. சூடாக்கிய செப்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக அதை அனுப்புவது பழைய முறை, இன்றும் அதற்கு நிகர் குறைவு. ஆக்சிஜன் போனதைக் காட்டச் சேர்க்கும் ரெசாசுரின் சாயத்தின் நிறம் போய்விட்டது என்பதால் மீத்தேன் உண்டாக்கிகளுக்கு ஏற்ற நிலை வந்துவிட்டது என்று பொருளில்லை. அது ஏறக்குறைய மைனஸ் 110 மில்லிவோல்ட் ரெடாக்ஸ் (ஆக்சிகரண–ஒடுக்க) அழுத்தத்திலேயே நிறமிழக்கும். வளர்ப்பு ஊடகத்தில் இவற்றுக்கு மைனஸ் 300க்கும் கீழே வேண்டும், அதற்குத்தான் சிஸ்டீனும் சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பது. ஒவ்வொரு முறை வளிமம் எடுக்கும்போதும் அதே அளவு நைட்ரஜனைத் திருப்பிச் செலுத்துங்கள், கணக்கில் அந்த நீர்ப்பையும் சேருங்கள். ஹைட்ரஜன் குப்பிகளைத் தீச்சுடர் இருக்கும் மேசையருகே வைக்காதீர்கள். சல்ஃபைடு உள்ள சேற்றில் அமிலம் ஊற்றும் எந்த வேலையும் புகைபோக்கிக்குள்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் மூக்கு உணர்விழக்கும், நாற்றம் நின்றது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமில்லை.

தூய வளர்ப்பு எடுக்கும் ஆசை வரும். ட்ரைமெத்தில் அமினில் வளர்பவற்றை ஓர் ஆய்வேட்டுக் காலத்துக்குள் பிரிக்க முடியும்: செறிவூட்டிய குப்பியை 10 மடங்கு 10 மடங்காக எட்டுப் படி நீர்த்து, ஆம்பிசிலினும் வான்கோமைசினும் சேர்த்து, கடைசியாக மீத்தேன் தந்த நீர்ப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். 420 நானோமீட்டர் ஒளியில் ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தால் எஃப்420 என்ற துணைநொதியால் மீத்தேன் உண்டாக்கிகள் நீலப்பச்சையாக ஒளிரும், சாயம் எதுவும் வேண்டாம். ஆனால் 80 சதவீத ஹைட்ரஜனில் செறிவூட்டினால் சேற்றில் அரிதாக இருந்த வேகவளர்ச்சி வகைகளே குப்பியை நிரப்பும். நெல்வயல்களில் பரவலாக இருந்தும் நெடுநாள் பிடிபடாத மீத்தனோசெல்லாவை ஜப்பானியர்கள் பிடித்ததே, ஹைட்ரஜனை நேரே ஊட்டாமல், அதை மெதுவாகக் கசியவிடும் துணைப் பாக்டீரியா ஒன்றோடு சேர்த்து வளர்த்துத்தான். 2008இல் அதற்குப் பெயரிட்டார்கள். உட்கரு உள்ள உயிர்களுக்கு நெருங்கிய உறவான ஆஸ்கார்டு ஆர்க்கியா பக்கம் ஆசை போனால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: ஜப்பானின் நான்காய் அகழிப் பகுதிக் கடலடிச் சேற்றை 2006இல் எடுத்து, அந்தக் குழுவைச் சேர்ந்த புரோமிதியோஆர்க்கியத்தை வளர்ப்பில் நிறுத்த 12 ஆண்டு ஆயின. அது இரட்டிக்க எடுத்துக்கொண்டது 14 முதல் 25 நாள்.

முடிவுகளைப் பெயரிடும்போது தரவுத்தளத்தின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிடுங்கள். பழைய தாள்களில் தௌமார்க்கியோட்டா என்று இருப்பது இன்று நைட்ரோசோஸ்ஃபீரோட்டா அல்லது தெர்மோபுரோட்டியோட்டாவுக்குள் வரும்; யூரியார்க்கியோட்டா பல தொகுதிகளாகப் பிரிந்துவிட்டது; மீத்தனோசீட்டா என்பது மீத்தனோத்ரிக்ஸ்தான். இரண்டு தாள்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை என்று எழுதுமுன் இதைச் சரிபாருங்கள்.

கடைசியாக, நாள்காட்டியில் முதலாக வர வேண்டிய வேலை. பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் ஈரநிலமும்கூட. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கோர் குழாயை இறக்க முடியாது. விண்ணப்பத்தில் கோர்களின் எண்ணிக்கை, விட்டம், ஆழம், எடுக்கும் மொத்தச் சேறு எத்தனை கிலோ, எந்த மாதங்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மாதிரியையோ தரவையோ வெளிநாட்டு ஆய்வகத்தோடு பகிரும் எண்ணம் இருந்தால் உயிரிப் பன்மயச் சட்டத்தின்படி தேவைப்படும் ஒப்புதலையும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட நினைத்தால் ஆகஸ்டு, செப்டம்பருக்குள் முதல் கோர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அக்டோபரில் அனுமதி வந்தால் கையில் இருப்பது ஒரு பருவம் மட்டும்.